தொடக்கூடாத மெஷினுக்கு ஒரு விசா

தையல்காரனுக்கும் தண்ணீர் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று மஸ்கட்டில் ஒரு அம்மாள் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. சட்டைப் பொத்தான் அறுந்தால் அறுந்ததுதான். ஆனால் பதினான்கு வருடமாக அரசாங்க அட்டையில் நான் தையல்காரன்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். கடல் தண்ணீரில் உப்பைப் பிரித்துக் குடிதண்ணீர் ஆக்கும் மெஷினைக் கண்டெய்னருக்குள் கட்டி வெளிநாடுகளுக்கு அனுப்புகிற பட்டறை அது. நான் வந்து சேர்ந்த நேரத்தில் முதலாளியிடம் ஃபிட்டர் விசா காலி இல்லை. அவருடைய இன்னொரு கம்பெனி யூனிஃபார்ம் தைக்கிறது. அங்கே தையல்காரர் விசா ஒன்று மிச்சம் இருந்தது. அதில் என்னைக் கொண்டுவந்தார்கள். "பேப்பர்ல என்ன இருந்தா என்ன, வேலை இருக்குல்ல" என்றார்கள். ஷார்ஜாவின் முவைலா பகுதியில் எங்கள் ரூமில் எட்டுப் பேர். வெல்டர் பாண்டி அட்டையில் சமையல்காரன். எங்களுக்குச் சமைத்துப் போடுகிற ரஃபீக் அட்டையில் கொத்தனார். பொத்தான் அறுந்தால் சட்டையை என் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "டைலரண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்பார்கள். பதினான்கு வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

கரீபியன் கடலில் ஒரு தீவு நாடு. பெயரை எழுதப் போவதில்லை, மறுபடி அங்கே விசா கேட்டு நிற்க வேண்டியவன் நான். எங்கள் மெஷின் ஒன்று அங்கே ஒரு மீன்பிடி ஊருக்குப் போயிருந்தது. ஏழு மாதம் ஓடியபின் அதன் பெரிய பம்பு கத்த ஆரம்பித்தது, ஓட்டினால் பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும். ஒரு மாதமாக ஊரே லாரித் தண்ணீரை நம்பி இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் வழக்கமாகப் போகிறவர் ஓர் என்ஜினியர். அவருடைய பாஸ்போர்ட்டைக் கண்டால் எந்த நாட்டிலும் கதவு திறக்கும். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். தீவிலிருந்து கடிதம் வந்தது: இந்த மெஷினைக் கட்டியது யாரோ அவரையே அனுப்புங்கள். மேனேஜருக்கு வேறு வழியில்லை. கட்டியது நான்.

எத்தனையோ கண்டெய்னர்களை நான் கட்டி, பட்டறைத் தொட்டித் தண்ணீரில் ஓட்டிப் பார்த்து, கதவைச் சாத்தி லாரியில் ஏற்றியிருக்கிறேன். அதோடு சரி. ஒன்றுகூடக் கடலோரத்தில் நின்று, நிஜக் கடல் தண்ணீரை உறிஞ்சி ஓடுவதை நான் பார்த்ததில்லை. போட்டோ அனுப்புவார்கள். போட்டோவில் அந்த என்ஜினியர் நிற்பார். இந்த முறை நான் போயே தீர வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது.

கம்பெனியில் விசா வேலைகளுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவர் ஜலால் பாய், கீழக்கரைக்காரர். அந்த நாடு கேட்கிற காகிதங்களை அவர் மேசையில் பரப்பியபோது எனக்குத் தலை சுற்றியது. குறுகிய கால பிசினஸ் விசிட்டர் என்று அந்த விசாவுக்குப் பெயர். ஆறு மாதம் உயிருள்ள பாஸ்போர்ட், போக வர டிக்கெட், தங்கும் இடத்தின் சீட்டு, வங்கிக் கணக்கு, போலீஸ் சான்றிதழ், அழைக்கிற ஆளின் கடிதம், அனுப்புகிற கம்பெனியின் கடிதம். போட்டோவில் காது தெரிய வேண்டுமாம். கம்பெனிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். அதில் நான் டெக்னிக்கல் மேனேஜர்.

"பாய், நான் எப்ப மேனேஜர் ஆனேன்?"

"நேத்து சாயங்காலம். டீ வாங்கிக் குடு."

"அட்டையில டைலர்னு இருக்கே."

"அது பின்பக்கத்துலல்ல இருக்கு. நான் முன்பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துருக்கேன். போய்ட்டு வாப்பா."

அந்த நாட்டுக்கு எமிரேட்ஸில் ஆபீஸ் கிடையாது. மஸ்கட்டில், ரூவியில், ஒரு கௌரவத் தூதர் ஆபீஸ் இருக்கிறது. ஆள் நேரில் வர வேண்டும். கம்பெனி லாக்கரிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார்கள். லீவுக்குப் போகிற நாட்களைத் தவிர அது என் கையில் இருந்ததே இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு தடவை தொட்டுப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறினேன். எல்லையில் எல்லோரையும் இறக்கி, பெட்டிகளைத் தரையில் வரிசையாக வைக்கச் சொன்னார்கள். ஒரு நாய் மோந்து பார்த்துவிட்டுப் போனது. என் பையிலிருந்து அதிகாரி ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை உருவினார். ஒரு முழம் இருக்கும். இது எதற்கு என்று கேட்டார். காதைத் தொட்டுக் காட்டினேன். பஸ்ஸே சிரித்தது.

ஸ்க்ரூ டிரைவர் நுனியை, சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங் மேல் வைத்துப் பிடியைக் காதில் அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கும். டாக்டர் நெஞ்சில் குழல் வைப்பது போல. பட்டறையில் என் காது கேட்டுச் சரி என்று சொல்லாமல் ஒரு பம்பும் வெளியே போகாது. அதிகாரிக்குப் புரிய வைக்க வாயில் பாஷை இல்லை. நின்றிருந்த பஸ்ஸின் பின்கதவைத் திறக்கச் சொல்லி, ஓடிக்கொண்டிருந்த என்ஜினில் அதை வைத்து நானும் கேட்டு, அவர் காதிலும் கொடுத்தேன். அவர் கேட்டார். கண் விரிந்தது. "கலாஸ், யல்லா", முடிந்தது, கிளம்பு என்று சிரித்துக்கொண்டே பையில் போட்டார்.

பஸ்ஸை ஓட்டிய பட்டாணியர் மட்டும் சிரிக்கவில்லை. "பாய், என் வண்டிக்கு என்ன?" என்று இந்தியில் கேட்டார். பெல்ட் ஓடுகிற சக்கரத்தில் பேரிங் போகப் போகிறது, மெதுவாகப் போங்கள் என்றேன். "அச்சா, அச்சா" என்றார். அந்த அச்சாவுக்குக் கேட்கப் போவதில்லை என்று அர்த்தம், இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியும். ஸோஹார் தாண்டியதும் பெல்ட் அறுந்து பஸ் ரோட்டோரம் நின்றது.

இரண்டு மணி நேரம் நின்றோம். ரோட்டோரத்தில் ஒருவர் இறைச்சித் துண்டுகளைக் குச்சியில் கோத்துக் கரியில் சுட்டுக்கொண்டிருந்தார். மிஷ்காக் என்கிறார்கள். புளி போட்ட கார சாஸ் ஒன்று கொடுக்கிறார்கள். ஊரில் சந்தைப்பேட்டைக் கறிக்கடைச் சுக்காவுக்கு அண்ணன் முறை. ஆறு குச்சி தின்றேன். டிரைவர் பக்கத்தில் வந்து நின்று, "நீ சொல்லாமல் இருந்திருந்தால் இது அறுந்திருக்காது" என்றார். பஸ் முழுக்க அதை ஒத்துக்கொண்டது.

ரூவியில் இறங்கி டாக்ஸி பிடித்தேன். ஓட்டியவர் ஓமானி. வெள்ளை அங்கி, பூவேலை செய்த குல்லா, டேஷ்போர்டில் பேரீச்சம்பழ டப்பா. அந்த நாட்டுக்காரரே ஸ்டியரிங் பிடிக்க நான் பின்னால் உட்கார்ந்து போவது எனக்குப் புதிது. பதினான்கு வருடத்தில் ஷார்ஜாவில் எனக்கு அந்த நாட்டுக்காரர் ஒருவரோடு பேச வேண்டி வந்தது மொத்தமே இரண்டு முறை. இவர் பழத்தை நீட்டி, எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று கேட்டுக்கொண்டே வந்தார். டாக்ஸி ஓட்டும் வேலை இங்கே நாட்டுக்காரர்களுக்கு மட்டும்தானாம். வெளியாள் ஓட்டினால் எங்கள் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்றார். தலையாட்டினேன். அடுத்த நாளே அந்தப் பேச்சு என் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது தெரியாது.

புதன் காலை அந்த ஆபீஸ் போனேன். டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஒரு கொடி, ஒரு கடற்கரைப் படம், ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும், அந்தத் தீவிலேயே பிறந்தவர். சின்னச் சின்னதாகப் பின்னிய தலை, கயிற்றில் தொங்கும் கண்ணாடி. காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அட்டையின் பின்பக்கம் எங்கே?"

அட்டையையே கொடுத்தேன். திருப்பினார். கம்பெனிக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்தார். மேனேஜரும் தையல்காரரும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்கள். அப்போதுதான் அவர் நான் முதலில் சொன்ன அந்தத் தையல்காரன் கேள்வியைக் கேட்டார்.

ஜலால் பாய் சொல்லிக் கொடுத்த பொய் ஒன்று இருந்தது. அது வாயில் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான், பொய் சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு மரத்துவிடும். உள்ளதைச் சொன்னேன். யூனிஃபார்ம் கம்பெனி, காலியாக இருந்த விசா, பொத்தான் வரைக்கும்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "என் கணவர் இந்த நாட்டு அட்டையில் இருபது வருடமாக ஸ்டோர் கீப்பர். நிஜத்தில் அவர் கணக்கு வாத்தியார்" என்றார். எனக்கு உயிர் வந்தது. சரி, அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்.

அங்கேதான் கெட்டேன். சந்தோஷத்தில் நான் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி ஐந்து நிமிடம் பேசினேன். பம்பைப் பிரிப்பேன், பேரிங்கைக் கழற்றிப் புதுசு போடுவேன், மோட்டாரையும் பம்பையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தி போல்ட் முறுக்குவேன், மூன்று நாளில் தண்ணீர் வரும், நான் கேரண்டி. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மிஸ்டர் செல்வராசு, நீங்கள் இப்போது சொன்னது வேலை."

"ஆமாம் மேடம், வேலை."

"இந்த விசாவில் வேலை செய்யக் கூடாது."

எனக்குப் புரியவில்லை. பிசினஸ் விசா என்றுதானே சொல்கிறீர்கள் என்றேன். அவர் ஒரு தாளை எடுத்து வாசித்தார். பிசினஸ் விசிட்டர் மீட்டிங்கில் உட்காரலாம். ஒப்பந்தம் பேசலாம். சரக்கைப் பார்வையிடலாம். ஆலோசனை சொல்லலாம், பயிற்சி கொடுக்கலாம். கையால் வேலை செய்யக் கூடாது. செய்வதென்றால் ஒர்க் பெர்மிட். அதற்கு, அந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் இல்லை என்று முதலில் விளம்பரம் கொடுத்து நிரூபிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும்.

"தையல்காரர் ஒருவர் மீட்டிங்குக்குப் போகிறார் என்றால்கூடக் கையெழுத்துப் போட்டிருப்பேன். நீங்கள் ஸ்பேனர் பிடிப்பேன் என்கிறீர்கள்."

பொய்யான அட்டை பாஸாகிவிட்டது. நிஜமான வேலை ஃபெயில் ஆகிவிட்டது. "அது நான் கட்டின மெஷின் மேடம்" என்றேன்.

"நீங்கள் கட்டியது ஷார்ஜாவில். அது நிற்பது என் நாட்டில்."

கோபத்தில் எனக்குக் குரல் உயர்ந்தது. ஊருக்குத் தண்ணீர் இல்லை, நான் சரி செய்யத் தயார், உங்களுக்கு இதில் என்ன நஷ்டம் என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "எது பழுதானாலும் வெளியிலிருந்து ஒருவர் வருகிறார். சரி செய்துவிட்டுப் போகிறார். அடுத்த வருடம் மறுபடி பழுதாகிறது, மறுபடி வருகிறார். எங்கள் பிள்ளைகள் அந்த ஸ்பேனரை எப்போதுதான் எடுப்பார்கள்?"

முந்தின நாள் டாக்ஸியில் இதே பேச்சுக்குத்தான் தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

பயிற்சி கொடுக்க வருகிறார் என்று தீவில் உங்களை அழைத்தவர்களும் உங்கள் கம்பெனியும் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று காகிதங்களைத் திருப்பித் தந்தார்.

கீழே, டைல்ஸ் கடைக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் சென்டர். விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிற கடை. வைத்திருப்பவர் நூருதீன், காயல்பட்டினம், முப்பது முப்பத்திரண்டு வயது. என் மூஞ்சியைப் பார்த்ததுமே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்கோ அண்ணாச்சி. மேல போயி உண்மையைச் சொல்லிட்டியளா?"

"எப்படித் தம்பி தெரியும்?"

"பொய் சொன்னவுக சிரிச்சிக்கிட்டு இறங்குவாக. சுலைமானி குடியுங்கோ." கறுப்புத் தேநீரை முன்னால் வைத்தார். "வெளிநாட்டு விசாக்குப் போறவுக வாயில வேலைங்குற சொல்லே வரக்கூடாது. பார்க்கப் போறேன், பேசப் போறேன், சொல்லிக் குடுக்கப் போறேன். இந்த மூணோட நிப்பாட்டிக்கிடணும்."

"ஊர்லயும் இங்கயுமா இருபத்தஞ்சு வருஷமா நான் செஞ்சதே அந்த ஒண்ணுதானப்பா."

"அதை வீட்டுல சொல்லிக்கிடுங்கோ. கவுண்டர்ல சொல்லாதியோ."

தீவுக்குப் போன் போட வேண்டும். எங்களுக்கும் அவர்களுக்கும் எட்டு மணி நேர வித்தியாசம். இங்கே மாலை நாலு என்றால் அங்கே காலை எட்டு. மாடி ஆபீஸ் ஒரு மணிக்கே மூடிவிடும். ஆக, எந்தக் கடிதம் வந்தாலும் மறுநாள்தான். நாலு மணிக்கு நூருதீன் கடையிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தவர் மார்வா. மெஷினை ஓட்டுகிற ஆபரேட்டர். பெண் பிள்ளை என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். லைன் விட்டு விட்டு வந்தது. "புரிகிறது, புரிகிறது, நல்ல கடிதமாக அனுப்புகிறேன்" என்றார்.

வியாழன் காலை கடிதம் வந்திருந்தது. நல்ல கடிதம்தான். 'மிஸ்டர் செல்வராசு உடனே வந்து எங்கள் பம்பில் வேலை செய்ய வேண்டும் என்று ஊரே காத்திருக்கிறது' என்று எழுதியிருந்தார். படித்ததும் நூருதீன் தலையில் கை வைத்தார். மேலே கொண்டுபோனேன். அம்மாள் படித்தார், அந்த ஒரு சொல்லைப் பென்சிலால் வட்டம் போட்டார், திருப்பிக் கொடுத்தார். அந்தத் தீவிலும் உண்மையைச் சொல்லத்தான் ஆள் இருக்கிறது.

அடுத்த அதிர்ச்சி காலண்டர். மஸ்கட் ஆபீசுக்கு வெள்ளி, சனி லீவு. தீவில் சனி, ஞாயிறு லீவு. ஷார்ஜாவில் எங்கள் ஆபீஸ் வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை பூட்டு. மூன்று இடமும் ஒரே நேரத்தில் விழித்திருக்கிற நேரத்தைத் தேடி நானும் நூருதீனும் ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தோம். அந்த வாரத்தில் அப்படி ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை.

நூருதீன் மார்வாவுக்கு விளக்கமாக ஒரு மெயில் அடித்தார். ஷார்ஜாவுக்கு நான் போன் போட்டேன்.

"பாய், மேனேஜர் வேண்டாமாம். பயிற்சியாளர்னு எழுதணுமாம்."

"டைலர், மேனேஜர், இப்ப வாத்தியாரா? ரிட்டயர் ஆகறதுக்குள்ள உன்னை மந்திரி ஆக்கிடுறேன் செல்வராசு." ஆனாலும் ஆபீஸ் பூட்டுவதற்குள் அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நூருதீன் என்னை ரூமுக்குக் கூட்டிப் போனார். காயல்காரர்கள் பத்துப் பேர் வாரத்தில் ஒருநாள் சேர்ந்து சமைக்கிறார்கள். நெய்ச்சோறு, கல்யாண விருந்துக்கு வைக்கிற களறிக் கறி, கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு ஒரு புளிப்புக் கூட்டு. ஒரே தாம்பாளத்தைச் சுற்றி நாலு பேர். நான் தட்டு கேட்டேன். "வாத்தியாருக்குத் தனித் தட்டாம்" என்று ஒருவர் சிரித்தார். கதை அதற்குள் பரவியிருந்தது. ஒவ்வொருவராக அட்டையை எடுத்துக் காட்டினார்கள். துணிக்கடை முதலாளி ஒருவர் அட்டையில் டிரைவர். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முன்னே மாதிரி வரவில்லை.

சனிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். பழைய என்ஜினியர் மாதிரியே பாஸ்போர்ட் உள்ள ஒருவர் கிடைத்திருக்கிறார், பத்து நாள் காண்ட்ராக்ட். "ஞாயிறு மதியம் வரைக்கும் பார்ப்போம். இல்லையென்றால் அவர் போகட்டும், நீ திரும்பி வா." அவருக்கு அது சாதாரணம். அந்த ஆள் பம்பைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். "போனில் நீ சொல்லிக் கொடு" என்றார். போனை வைத்துவிட்டு லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மறுபடி போட்டோவில் இன்னொருவர் நிற்பார்.

ஞாயிறு காலை மாடி ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். மார்வாவின் இரண்டாவது கடிதம் வெள்ளி மாலையே வந்திருந்தது. இந்த முறை கச்சிதம். 'எங்கள் ஊழியர்கள் தங்கள் கையால் பழுது பார்க்க, மிஸ்டர் செல்வராசு வாயால் பயிற்சி தருவார்.' வாயால் என்பது நூருதீன் சேர்க்கச் சொன்னது.

அம்மாள் இரண்டு கடிதங்களையும் படித்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல என் கையால் எழுதினேன். நான் அந்த நாட்டில் இருக்கும் நாட்களில் மேற்படி மெஷினின் எந்தப் பாகத்தின் மீதும் கை வைக்க மாட்டேன். எந்தக் கருவியும் கொண்டுபோக மாட்டேன். மீறினால் திருப்பி அனுப்பப்படுவேன்.

அந்தப் பம்பின் ஒவ்வொரு போல்ட்டும் என் விரல்பட்டு ஏறியது. பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டதில் தாள் கிழியப் பார்த்தது. அது கோபமா அவமானமா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர் விசா முத்திரையை எடுத்தார். வைக்கும் முன் என்னைப் பார்த்து, "மார்வா என் தங்கை மகள் வயசுதான் இருப்பாள். நன்றாகச் சொல்லிக் கொடுங்கள்" என்றார். மணி பத்தரை. மேனேஜருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

கருவி கூடாது என்பதால் ஸ்க்ரூ டிரைவரை நூருதீனிடம் கொடுத்தேன். அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் பேனா ஸ்டாண்டில் சொருகினார். ஸ்டாண்டு சாய்ந்தது.

நடுவில் விமானம் மாறுகிற நாட்டுக்கும் ஒரு விசா கேட்டார்கள். அது தனி எரிச்சல், விடுகிறேன். இரண்டரை வாரம் கழித்துத் தீவில் இறங்கினேன். ஏர்போர்ட்டில் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ரஃபீக் கொடுத்த ஊறுகாயைத் தவிர ஆயுதம் ஒன்றும் இல்லை.

மெஷின் கடலிலிருந்து நூறு அடியில் நின்றது. வெயிலில் பெயின்ட் வெளுத்திருந்தது. கதவைத் திறந்ததும் உள்ளே என் சாக்பீஸ் குறிகள் அப்படியே இருந்தன. மார்வா வந்தார். முப்பது வயது, என்னைவிட உயரம், தோளில் குழந்தையின் துணி ஒன்று கிடந்தது. நான் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன். விட்டது விட்டதுதான்.

மூன்று நாள். அவரும் இரண்டு ஆட்களும் பிரித்தார்கள். இடது பக்கம், இன்னும் கொஞ்சம், போதும், நிறுத்து என்று கத்தினேன். நான் அரை நிமிடத்தில் கழற்றுகிற போல்ட்டுக்கு அவர்களுக்குப் பத்து நிமிடம். பேன்ட் பைக்குள் என் விரல்கள் முறுக்கிக்கொண்டே இருந்தன. ஒருமுறை பேரிங்கைத் தப்பான பக்கம் வைத்துச் சுத்தியலை ஓங்கினார் மார்வா. கை வெளியே வந்துவிட்டது. அவர் சுத்தியலை அப்படியே பிடித்துக்கொண்டு என் கையைப் பார்த்தார். உள்ளே விட்டேன். பிறகு என் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியை மாட்டிக் கழற்றி, அதில் காட்டினேன். பாட்டில் மெஷினில் சேராது. இரண்டாவது முறை சரியாக வைத்தார். மூன்றாவது நாள் நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கை சரியான இடத்துக்குப் போனது. எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

மூன்றாம் நாள் மாலை ஓட்டினார்கள். பத்து நிமிடம் ஆயிற்று. நிற்கவில்லை. இருபது. குழாயில் தண்ணீர் வந்தது, வெளியே நின்றவர்கள் குடத்தோடு நகர்ந்தார்கள். மார்வா என் பக்கம் திரும்பி, சரியாகிவிட்டதா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? என் ஸ்க்ரூ டிரைவர் ரூவியில் பேனா ஸ்டாண்டில் இருக்கிறது.

மண்டி போட்டு உட்கார்ந்தேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வெறும் காதைப் பம்பின் மேல் வைத்தேன். சூடாக இருந்தது.

"தொட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தீர்களாமே" என்றார் மார்வா.

"கையைப் பத்தித்தான் எழுதினேன். காதைப் பத்தி யாரும் கேக்கல" என்றேன், தமிழில். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆட்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்.

பட்டறைத் தொட்டியில் கேட்காத ஒரு சத்தம் உள்ளே இருந்தது. கடல் வருகிற சத்தம். பேரிங் சத்தமே இல்லை.